தலைக்கு வைக்கிற எண்ணெய்

நவரட்ணம் கடைக்குள் வந்து கதவைப் பூட்டினார். பூட்டிய அதே கையால் மச்சான் சசிகரனின் கன்னத்தில் ஒன்று விட்டார். "வாங்கோ அத்தான்" என்று சொல்ல வாயெடுத்தவன் "வாங்கோ"வோடு நின்றுபோனான். கல்லாவில் நின்ற ஸ்டெபனி, வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண், ஒரு நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனையும் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் ஓடினாள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மோர்னிங்சைட் பிளாசாவில் கொத்துரொட்டிக் கடைக்கு ஒட்டினாற்போல் மின்சிகரெட் விற்கிற வேப் கடை அது. சுவருக்கு அந்தப் பக்கம் தகட்டில் கொத்து அடிக்கிற சத்தம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு மனிதனை அடித்துக் கொன்றாலும் வெளியே ஒருவருக்கும் கேட்காது.

பெண்சாதியின் தம்பியை இப்படி அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நவரட்ணத்தின் பாஸ்ட் கார்ட்டைப் பற்றித் தெரியாது. உள்ளங்கை அளவு அட்டைதான். அது இருந்தால் அவருடைய ட்ரக் பத்து நிமிடத்தில் அமெரிக்க எல்லைப் பாலத்தைக் கடந்துவிடும். இல்லையென்றால் கொம்பனியில் லோட் பிரித்துக் கொடுக்கிற மாக்கஸ் அவரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். கஸ்டம்ஸில் ஒரு கறைகூட இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கார்ட் கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நவரட்ணம் ஒரு அப்பிளைக்கூட ஒளித்துக் கொண்டுவந்தவர் அல்ல. பெண்சாதி ஜெயமலர் கட்டிக்கொடுத்த சோற்றுக்குள் கறிவேப்பிலை கிடக்கிறது என்று ஒருமுறை அவராகவே அதிகாரியிடம் சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அனுப்பினான். கேட்டால் சொல்லிவிட வேண்டும், அதுதான் அவருடைய தொழில் பக்தி.

அப்படிப்பட்ட மனிதருடைய பெயருக்கு மார்கழி மாதம் மலேசியாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தலைக்கு வைக்கிற எண்ணெய், அன்பளிப்பு, பெறுமதி இருபது டொலர் என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே அறுபது போத்தல் வேப் திரவம். நவரட்ணத்தின் தலையில் எண்ணெய் வைப்பதற்கு ஒரு மயிரும் மிச்சமில்லை என்பது கஸ்டம்ஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் சும்மா திறந்து பார்த்தார்கள். ஒரு போத்தலிலும் வரி முத்திரை இல்லை. பறிமுதல் என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டு கிழமை கழித்துக் கார்ட் ரத்து என்று இன்னொன்று வந்தது.

சசிகரனைக் கேட்டால் எல்லாம் அரசாங்கத்தின் பிழை என்பான். ஐந்து டொலர் போத்தலுக்குப் பதினைந்து டொலர் வரி, மத்திய அரசுக்குப் பாதி, மாகாணத்துக்குப் பாதி. அந்த முத்திரையை வாங்க ஒரு லைசென்ஸ், லைசென்ஸுக்கு முன்பணம். இத்தனையும் செய்தால் கடை நடத்துவதைவிடக் கொத்து அடிக்கப் போகலாம் என்பது அவனுடைய கட்சி. அதனால் சொந்தப் பாவனைக்கு எடுப்பதுபோல சரக்குத் தருகிற மலேசியாக்காரனிடம் வீட்டுக்கு ஒரு பார்சலாகப் பிரித்து அனுப்பச் சொன்னான். அதற்குப் பெயர்கள் வேண்டும். பெயர்கள் அவனுடைய கம்பியூட்டரில் தயாராகக் கிடந்தன.

போன வருஷம் நவரட்ணத்தின் மகள் நிலக்சி பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு நடந்தது. தாய்மாமன் சசிகரன்தான். நானூறு பேருடைய பெயரும் விலாசமும் அடித்து, அழைப்பிதழ் உறைகளுக்கு ஸ்டிக்கர் எடுத்தவனும் அவன்தான். அந்தப் பட்டியலை அப்படியே மலேசியாக்காரனுக்கு அனுப்பிவிட்டான். முதல் அழைப்பிதழ் பிள்ளையார் கோயிலுக்கு, ஆகவே முதல் விலாசமும் பிள்ளையாருடையது. கடவுளுக்குப் பயந்து அதை மட்டும் வெட்டிவிட்டான். அடுத்த விலாசம் பிக்கரிங்கில் உள்ள நவரட்ணத்தின் வீடு. ஞாபகத்துக்கு ஒன்று நமக்கும் தபாலில் வரட்டும் என்று ஜெயமலர் ஆசைப்பட்டுப் போடச் சொன்னது. பிள்ளையாருக்குப் பயந்தவனுக்கு அத்தானுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

"கையெழுத்து வை" என்றார் நவரட்ணம். ஜக்கெற்றின் உள்பொக்கற்றிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கல்லாவில் விரித்தார். பார்சல் என்னுடையது, நவரட்ணத்துக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று சட்டவேலை பார்க்கிற நிரோஷினி ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்த கடிதம். மேன்முறையீடு செய்யத் தந்த தொண்ணூறு நாளும் திங்கட்கிழமையோடு முடிகிறது. மூன்று மாதமாக "நாளைக்கு அத்தான், நாளைக்கு அத்தான்" என்று சசிகரன் ஏய்த்துவிட்டான்.

சசிகரன் கன்னத்தைத் தடவினான். "ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இதிலை வைச்சா மற்றப் பார்சலுகளையும் கிண்டுவாங்கள். கடை போயிடும். என்ரை சீவியமே போயிடும்."

"அப்ப என்ரை சீவியம்?"

"நீங்கள் லோக்கலா ஓடலாம்தானே. பிக்கரிங்கிலையிருந்து பக்கத்து ஊர் மார்க்கத்துக்கு ஓடுறதுக்குக் கார்ட் என்னத்துக்கு?"

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நவரட்ணம் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி அலுமாரியில் மோதினார். ஒரு தரம் மோதியபோது தட்டுகள் ஆடின. மறுதரம் அலுமாரி முழுவதும் சரிந்து வந்தது. நூற்றுக்கணக்கான போத்தல்கள் விழுந்து உடைந்தன. மாம்பழமும் புதினாவும் ஸ்ரோபெரியும் கலந்த ஒரு வாடை எழும்பிக் கடையை நிறைத்தது. சசிகரன் எழும்பப் பார்த்தான், வழுக்கி விழுந்தான், உடைந்த கண்ணாடியில் முழங்கையை ஊன்றினான். அலறினான். சுவருக்கு அந்தப் பக்கம் கொத்துக்காரன் இன்னும் வேகமாக அடித்தான்.

சுவரில் மாட்டியிருந்த படமும் விழுந்து கிடந்தது. சிவப்புச் சேலையில் நிலக்சி, பக்கத்தில் பட்டுவேட்டியோடு தேங்காயும் கையுமாகத் தாய்மாமன். அதைப் பார்த்ததும் நவரட்ணத்துக்கு இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. கோபம்தான் இரட்டிப்பாகியது. என் பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிற நாளில் வேட்டியோடு நின்று சிரித்துவிட்டு, அவளுடைய பட்டியலையே எடுத்து எனக்குக் குழி வெட்டினாயே என்று நினைத்தார். நினைத்ததைக் காலால் சொன்னார். விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று. கிழமைக்கு ஆறாயிரம் கிலோமீற்றர் பெடலை மிதித்த கால் அது.

"அத்தான், ஐயோ, அக்காவுக்காக விடுங்கோ!"

"அக்காவோ? அக்காதானடா மூண்டு மாசமா சாப்பிடாமல் கிடக்கிறா."

அவனைக் கல்லாவுக்கு இழுத்துவந்தார். பேனையைக் கையில் திணித்தார். சசிகரன் பேனையைத் தூக்கி எறிந்தான். அந்த ஒரு கணம் அவனுக்கும் ரோசம் வந்தது. அத்தானின் முகத்தில் காறித் துப்பினான். துப்பலோடு இரத்தமும் வந்தது.

நவரட்ணம் முகத்தைத் துடைத்தார். கல்லாவின் இழுப்பறையைத் திறந்தார். சசிகரனுடைய இடக்கையைப் பிடித்து உள்ளே வைத்தார். இடக்கையைத்தான். வலக்கை கையெழுத்துக்கு வேண்டும் என்று அந்த வெறியிலும் அவருக்கு நினைவிருந்தது. பிறகு இழுப்பறையை இடுப்பால் இடித்து மூடினார். விரல் முறிகிற சத்தத்தை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. சசிகரன் வாயைத் திறந்தான், சத்தமே வரவில்லை.

"வைக்கிறன்" என்றான் பிறகு, சின்னப்பிள்ளை மாதிரி. "தாங்கோ, வைக்கிறன்."

வைத்தான். கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருக்கிறதைப் போலவே இருந்தது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் தாளில் விழுந்து ஒரு வரியின் மேல் படர்ந்தது. நவரட்ணம் சட்டைக்கையால் ஒற்றி எடுத்தார், போகவில்லை. பரவாயில்லை, கையெழுத்தில் படவில்லைத்தானே என்று மடித்து உள்பொக்கற்றில் வைத்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் காற்று நிறைய இறங்கியது. இந்த வெட்கங்கெட்ட நிம்மதியை அவர் மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் கண்ணாடிக் கதவில் பொலிஸ் தட்டியது. ஸ்டெபனியின் போன் வேலை செய்திருந்தது.

"அத்தான்" என்றான் சசிகரன் அவசரமாக, முறிந்த கையை வயிற்றோடு அணைத்தபடி. "நான் விழுந்தனான் எண்டு சொல்லுறன். அலுமாரி சரிஞ்சு மேலை விழுந்தது. நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ. கடிதத்தைக் காட்டாதேங்கோ, விளங்குதே?"

நவரட்ணம் பூட்டைத் திறக்க, இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், ஒரு பெண்ணும் ஒரு இளைஞனும். சசிகரன் சொன்ன சொல் தவறவில்லை. வழுக்கி விழுந்தேன், அலுமாரியைப் பிடித்தேன், இவர் என் அக்காவின் கணவர், உதவிக்கு வந்தவர் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தான். என்ன இருந்தாலும் நம்முடைய ஆட்கள் வீட்டுச் சண்டையைப் பொலிஸுக்குக் கொடுக்கமாட்டார்கள். பின்னறையிலிருந்து வந்த ஸ்டெபனி முதலாளியின் கண்ணைப் பார்த்தாள். சத்தம்தான் கேட்டது, ஒன்றும் பார்க்கவில்லை என்றாள். சம்பளம் வேண்டுமே.

பெண் அதிகாரி நவரட்ணத்தின் விரல் முட்டிகளைப் பார்த்தாள். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனால் பிடித்துக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை. போகிறபோக்கில்தான் கேட்டாள்:

"உங்களிடம் ஏதாவது இருக்கிறதா, சேர்? பொக்கற்றில் ஏதாவது?"

யூனிபோர்ம் போட்டவர்கள் அந்தத் தொனியில் அந்தக் கேள்வியை இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் கேட்டு வந்திருக்கிறார்கள். கிழமைக்கு நாலு தரம், பாலத்தின் அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும். இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னவனுக்கு ஒன்றும் வராது. சசிகரன் பின்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிச் சாடை காட்டியதை அவர் காணவே இல்லை.

"ஒரு கடிதம் இருக்கு" என்றார் நவரட்ணம். எடுத்து நீட்டினார்.

அவள் கையுறையோடு வாங்கி விரித்தாள். இன்னும் காயாத இரத்தம் படர்ந்திருந்த வரியில் அவளுடைய கண் நின்றது. நிரோஷினி எல்லாக் கடிதத்திலும் போடுகிற வழக்கமான வரி அது. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் இதில் கையொப்பமிடுகிறேன். வாசித்துவிட்டுச் சசிகரனின் வீங்கிய விரல்களைப் பார்த்தாள், திறந்து கிடந்த இழுப்பறையைப் பார்த்தாள், கடைசியாக நவரட்ணத்தைப் பார்த்தாள்.

இளைஞன் அவருடைய கைகளைப் பின்னால் மடக்கி விலங்கு போட்டான். சசிகரன் நிலத்தில் குந்தியிருந்து அழுதான். யாருக்காக அழுகிறான் என்று அவனுக்கே தெரிந்திராது.

"அந்தக் கடிதம் எனக்குத் திங்கட்கிழமை வேணும்" என்றார் நவரட்ணம். ஒருவேளை அவளுக்கு விளங்கவில்லையோ என்று ஆங்கிலத்தில் இன்னொரு தரம் சொன்னார். திங்கட்கிழமைதான் கடைசி நாள், அது இல்லாவிட்டால் என்னுடைய கார்ட் போய்விடும் என்றார்.

இது இப்போது சான்று, வழக்கு முடியும்வரை எங்களிடம்தான் இருக்கும் என்று அவள் மரியாதையாகவே சொன்னாள். கடிதத்தை ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் போட்டாள். வாயை மடித்து, அதன்மேல் ஒரு சிவப்பு முத்திரையைச் சுருக்கமில்லாமல் ஒட்டினாள்.

பிறகு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்றார் நவரட்ணம். அதுவும் உண்மைதான்.