ஏழாவது விமானம்

1930ஆம் வருஷம். தபால் கப்பல் வந்த மறுநாள் காலை, பினாங்கு பீச் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் கடிதக் கணக்கெல்லாம் பார்க்கும் நல்லமுத்து கிராணி அமெரிக்கக் கடிதத்தைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதம்தான் வந்திருந்தது, எதிர்பார்த்த விமான விசிறிப் பெட்டி வரவில்லை.

"என்னா கிராணியாரே, வெள்ளைக்காரி கடுதாசி போட்டுட்டாளா?" என்றார் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் நாகூர் மீரான். "விசிறி கேட்டா கடுதாசி, விசிறி கேட்டா கடுதாசி. அதையெல்லாம் ஒட்டிச் சுத்தவிட்டிருந்தா விமானம் சிங்கப்பூரே போயிருக்கும் லா."

நல்லமுத்துவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், முதலாளியான சுருட்டு வியாபாரி முகம்மது சுல்தான் ராவுத்தருக்கு ஊருக்கு மேலே பறந்து விளம்பரத் தாள் தூவ ஒரு விமானம் வேண்டியிருந்தது. நல்லமுத்து ஆறு கம்பெனிகளுக்கு எழுதினார். ஐந்து கம்பெனிகள் அச்சடித்த காகிதத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தன. ஒஹாயோவிலிருந்து ஒரு கம்பெனி மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் நம்பர் போட்டு, பிழையில்லாமல் பதில் எழுதியது. இவ்வளவு ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறவர்கள் பெரிய கம்பெனியாகத்தான் இருப்பார்கள் என்று முதலாளியிடம் சொன்னவர் அவர்தான்.

வந்த விமானத்தில் குறையொன்றுமில்லை. மூன்றாம் தடவை இறங்கும்போது திடலில் மூக்குக் குத்தி, முன்னால் சுழலும் மரவிசிறி பிளந்துபோனது. அன்றிலிருந்து கிட்டங்கியில் கிடக்கிறது. இறக்கைக்கடியில் பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது.

"இந்தக் கப்பல்லயும் வரலேன்னா வேற இடம் பார்த்துக்கங்க" என்று முதலாளி போன மாதமே சொல்லிவிட்டார்.

உறையைக் கிழித்தார். தாளின் தலைப்பில் அச்சடித்திருந்த கம்பெனியின் பெயர்மேல் மையால் கோடு இழுத்திருந்தது.

'ஐயா, விசிறி வராது. பட்டறையை விற்றாயிற்று, அங்கே இப்போது பள்ளிக்கூட பெஞ்சு செய்கிறார்கள். நாங்கள் எப்போதும் நான்கு பேர்தான். அண்ணன் பழைய குதிரை லாயத்தில் ஆரம்பித்தது. ஒன்பது வருஷத்தில் பதினொரு விமானம். உங்களுடையது ஏழாவது. போன வருஷம் அண்ணன் பறந்து காட்டப் போய் இறந்தார். அதற்குப் பிறகு விசிறி செதுக்க ஆளில்லை. அதை எழுத மனம் வராமல் அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று எழுதினேன். கடிதம் எழுதியதும் நான்தான். இறக்கைத் துணி தைத்ததும் நான்தான்.'

"கிராணியாரே! கப்பல்ல என்னா வந்துச்சு?" மாடியிலிருந்து முதலாளியின் குரல்.

"வர்றேன் முதலாளி."

கடிதத்தின் ஓரத்தில் பதினாறு என்று நம்பர் போட்டுக் கோப்பில் சேர்த்தார். இதுவரை எந்தப் பதிலுக்கும் அந்த அம்மாள் ஒரு கப்பல்கூடத் தாமதித்ததில்லை. ஒரு தாளை எடுத்தார். 'தங்கள் கடிதம் கிடைத்தது. இறக்கைத் தையல் இன்றுவரை ஓரிடத்திலும் பிரியவில்லை.'

கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டி மீரானிடம் கொடுத்தார். பிறகு ஆணியில் தொங்கிய தன் குடையையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.