மலைக்குப் போகாத ஜீப்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு டைப்ரைட்டரில். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் வேறு யாராவது போட்டுக்கொடுத்தால் அசிங்கம். 'தங்கள் மனு விசாரணையில் உள்ளது' என்ற ஒரே வரியை ஓர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் ஏழு வருடம் தட்டினார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் அலுவலகங்களுக்கா பஞ்சம்? எழுத்தரைப் பற்றிப் பிறகு.

முதலில் எழுதிய தொடக்கம் இது: 'கல்வராயன் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில் செல்லியம்மாள் தன்

வேண்டாம். மலை என்றதும் பனியை இறக்கிவிடுவது எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி.

2

செல்லியம்மாளுக்கு வயது இருபத்தேழு, ஊர் மலைமேல். பழங்குடிச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்குள் ரயில்வே பரீட்சை எழுதித் தேறியும்விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழைக் காட்டினால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

அதிகாரி பொன்னுரங்கம் கெட்டவர் அல்ல. (முதல் படியில் மீசை வைத்துக் கெட்டவராக்கினேன். எடுபடவில்லை, மழித்துவிட்டேன்.) மலையேறி நேரில் விசாரித்தால்தான் சான்றிதழ் என்றார்; ஏறுவதற்கு ஜீப் இல்லை என்றார். இரண்டு வருடமும் ஜீப் இல்லை.

அவள் மெட்ராஸ் போய் வழக்குப் போட்டு ஜெயித்தாள். ஜெயித்தாள் என்றால், உயர் நீதிமன்றம் 'கொடு' என்று சொல்லிவிடவில்லை. 'எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவிடு' என்றது. பொன்னுரங்கம் பரிசீலித்தார். எட்டு வாரம் தாண்டியும் விடாமல் பரிசீலித்தார். பிறகு அவள் கோர்ட் அவமதிப்பு வழக்குப் போட்டாள். அதிகாரி புதன்கிழமை காலை பத்தரைக்கு நேரில் ஆஜராக வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

மறுநாளே ஜீப் வந்துவிட்டது.

3

அது எண்பத்தேழு செப்டம்பர். தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். செவ்வாய்க்கிழமை மத்தியானம், எலவனாசூர்கோட்டை தாண்டி, ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. மரத்துக்கு இந்தப் பக்கம் பொன்னுரங்கத்தின் ஜீப். அதே பக்கம், நீதிபதி ஏதாவது கேட்டால் சொல்ல வரும்படி அவளுடைய வக்கீல் எழுதியிருந்ததால், பஸ் இல்லாமல் பாதி நடந்தும் பாதி மாட்டுவண்டியிலும் வந்த செல்லியம்மாள்.

(இதெல்லாம் நம்பும்படி இல்லை என்பார் விமர்சகர். ஐயா, ரோடு ஒன்று, தேதி ஒன்று, கோர்ட்டும் ஒன்று. வேறெங்கே போய் மாட்டுவார்கள்?)

"ஜீப்பு கீதுங்களா சார்?" என்றாள் அவள்.

"இது கோர்ட்டுக்குப் போற ஜீப்பும்மா."

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த மறியல்காரர் கொளஞ்சியப்பன் விஷயத்தைக் கேட்டார். "உங்களுக்குத்தான் ஏற்கனவே ஒதுக்கீடு இருக்குதே. உனக்கு இன்னா கொறை?"

"இருக்குதுன்னு பேப்பர்ல கீதுங்க. அந்தப் பேப்பரத்தான் ரெண்டு வருசமா கேட்டுக்கினு கீறேன்."

கொளஞ்சியப்பன் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப, நாளைக்கி எங்களுக்கே குடுத்தாலும் இவுருதான் கையெழுத்து போடணுமா?"

கூட்டம் மரத்தை விட்டு இறங்கி ஜீப்பைச் சுற்றிக்கொண்டது.

4

பொன்னுரங்கத்துக்குக் கைக்கடிகாரம் ஓடுவது காதில் கேட்டது. போகாவிட்டால் வாரண்ட். சட்டென்று மரத்தின் மேலேயே காகிதத்தை விரித்து, பத்து நிமிஷத்தில் சான்றிதழ் எழுதினார்.

"விசாரணை, சார்?"

"அதான் நேர்ல பாத்துட்டனேம்மா. குறை தீந்துட்டுது, வழக்க வாபஸ் வாங்கிக்கறன்னு இதுல ஒரு கையெழுத்து போடு. கையோட குடுத்துர்றேன்."

செல்லியம்மாள் பேனாவைத் தொடவில்லை. பையிலிருந்து பதினொரு மனு நகல்களை எடுத்துச் சான்றிதழ் பக்கத்தில் வைத்தாள். அவள் ஊர்க்காரர்களுடையவை. "இதுங்களுக்கும் போடுங்க சார்."

"அவங்களுக்குக் கோர்ட்டு உத்தரவு இல்லியேம்மா!" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை. வழக்கு அத்தோடு முடிந்தது, பதினொரு பேரும் பழைய இடத்தில். போடாவிட்டால் அவர் கூண்டில் நின்று பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்காகக் காத்திருக்காது.

5

எழுத்தரைப் பற்றிப் பிறகு என்றேன் அல்லவா? ஜீப்பின் பின்சீட்டில் முத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று படிகளில் அவரை வெட்டி எறிந்திருக்கிறேன். வெட்டினால் போகிற ஆளாக இல்லை, ஏனென்றால் அது நான்தான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். பதினோரு பேருக்கும் நீங்கதான பதில் அடிச்சீங்க. ஒருத்தரையாவது விசாரிச்சாங்களா? கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?"

நான் வாயைத் திறந்து

முடிவு ஒன்று: 'சொல்றேம்மா' என்றேன். (எனக்கே சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: இங்க் பேட் காய்ந்துவிட்டது என்றேன்.

முடிவு மூன்று: கொளஞ்சியப்பன் பெட்டியைப் பிடுங்கி

முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த முடிவை நான் பரிசீலித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறேன்: வாசகரே, இக்கோப்பு தக்க நடவடிக்கைக்காகத் தங்களுக்கு அனுப்பப்படுகிறது.

அவள் இன்னும் அந்த மரத்தின் பக்கத்தில்தான் நிற்கிறாள். "அனுப்பிச்சா எப்ப சார் திரும்பி வரும்?" என்று கேட்கிறாள். இன்று செவ்வாய்க்கிழமை.