காற்று இழுக்கிற துளை

நாச்சியார்,

எங்கள் வேனில் என்ஜின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. அதற்கு மேலே பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தை மேல் நான். பொங்கலுக்குப் பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் அந்த மெத்தை எனக்கு வந்தது. அவள் பாட்டும் எனக்கு வந்தது. அப்பா பிரசங்கம் பண்ணுவதற்கு முன்னால் இரண்டு பாட்டு, முடிந்ததும் ஒரு பாட்டு. அதற்காகத்தான் ஹாஸ்டலுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "ஒரு வாரந்தான்" என்று அவர் வார்டனிடம் சொன்னபோது நீயும் பக்கத்தில் நின்றாய்.

ஒரு வாரம் இல்லை. வேன் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் சொன்னார். தளவாய்புரம், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, அப்புறம் மலை ஏறி எஸ்டேட் எஸ்டேட்டாகக் கூட்டம். ஜூன் மழை பிடித்த பிறகுதான் திரும்புவோமாம். மார்ச் கடைசியில் பரீட்சை என்றேன்.

"பத்தாங்கிளாசு அடுத்த வருசமும் இருக்கும். ஆத்துமாக்க இருக்குமா?" என்றார்.

அம்மா முன் சீட்டில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இனிமேல் சொல்வதை நீ யாரிடமும் சொல்லாதே. செவ்வாய்க்கிழமை தளவாய்புரத்தில் கூட்டத்துக்கு முன்னால் அப்பா பின்கதவைத் திறந்து ஆயில் பார்த்தார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கை உரசியதில், கார்புரேட்டருக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் முனையில் மாட்டியிருந்த கறுப்பு ரப்பர் மூடி கழன்று தகரத்தில் விழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அவர் பார்க்கவில்லை. நான் எடுத்தேன். கொடுக்கத்தான் எடுத்தேன். அதற்குள் மைக் செட்காரர் கூப்பிட, அவர் கதவை அடைத்துவிட்டுப் போய்விட்டார். பாவாடை முடிச்சில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து வண்டியைக் கிளப்பியபோது என் மெத்தை உதறியது. ஓடும்போது ஓரளவு பரவாயில்லை. நின்றால் போதும், குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கியது, இரண்டு தடவை அணைந்தும் போனது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. நின்றுபோனால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் சிவனாண்டி ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். அந்த ஊரில் இந்த மாதிரி வண்டியைத் தொட்டுப் பார்த்த ஒரே மெக்கானிக் அவர்தான் என்றார்கள். எங்கள் வேனை அப்பாவிடம் விட்டுப் போன ஜெர்மன் மிஷனரி காலத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறாராம். லாரிக்கு ஸ்பிரிங் மாற்ற வந்திருந்த ஒரு டிரைவர் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணே, தண்ணி எங்க ஊத்துறது இதுக்கு?"

"தண்ணியே கெடையாது. காத்துலயே குளுந்துக்கிடும்."

"ரேடியேட்டரே இல்லாம ஒரு வண்டியா! மாட்டுக்கே தண்ணி காட்டணும்யா."

"ஒமக்கு மட்டும் தண்ணி காட்டுனாப் போதும், போய் டீ வாங்கியாரும்" என்றார் சிவனாண்டி.

அன்றைக்கு அவர் எதையும் கழற்றவில்லை. இந்த என்ஜினில் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, பார்ப்பதானால் ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்க வேண்டும், சூட்டோடு கை வைத்தால் அளவு தப்பிவிடும் என்றார். எனக்கு ஒரு நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில் சந்தோஷமே இல்லை, நாச்சியார். ராத்திரி வேனிலேயே படுத்தோம், மெத்தைக்குக் கீழே என்ஜின் ஆறுவது எனக்குக் கேட்டது. டிக், டிக் என்று.

வியாழன் காலையில் டேப்பெட் சரி பண்ணினார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பிளக்குக்குக் கரண்ட் விடுகிற பாயிண்ட்டைத் தேய்த்தார். கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவி அதன் ஜெட் துளைகளை ஊதினார். கிளப்பினால் அதே நடுக்கம். ஒவ்வொரு தடவை சாவி திருப்பும்போதும் கிட்டப் போய் நிற்பேன். அவர் எந்தப் பக்கம் குனிகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஓடவும் முடியாது, உள்ளே போய்ப் படுக்கவும் முடியாது. அவர் தலைக்கு மேலேதானே என் படுக்கை.

வெள்ளிக்கிழமை அப்பா உபவாசம் இருந்தார். நாங்களும்தான். சிவனாண்டி பேண்டேஜ் கம்பெனிக் கழிவுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓடுகிற என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். எதைப் பிடுங்கினாலும் என்ஜின் இன்னும் கொஞ்சம் தொய்ந்தது.

"நாலும் ஒழுங்கா வேலை பாக்குது ஐயா. ஒண்ணு செத்திருந்தா அதப் பிடுங்குனா வித்தியாசமே தெரியாது. இது நாலுக்கும் பொதுவா ஒரு நோக்காடு. எங்கயோ காத்த இழுக்குது."

"மூணு நாளாச்சு தம்பி."

"எளுதுனவன் ஜெர்மன்காரன், படிக்கிறவன் ராசபாளையத்தான். செத்தப் பொறுங்க."

அப்பா பொறுக்கவில்லை. வேன் பக்கவாட்டில் எழுதியிருந்த வசனத்துக்குக் கீழே போய் நின்றார். பிரசங்கக் குரல் வந்துவிட்டது.

"பாளயத்துக்குள்ள, நம்ம குடும்பத்துக்குள்ள, என்னமோ ஒளிஞ்சு கெடக்கு. மனுசன் பாத்துக் கண்டுபிடிக்கிற பழுது இல்ல இது. ஒளிச்சவுக சொல்லாம இந்த வண்டி நேராகாது."

முடிச்சில் இருந்த மூடி அந்த நேரத்தில் கல் மாதிரி கனத்தது. எப்படித் தெரிந்தது இவருக்கு? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"நாந்தான்."

அப்பா திரும்பினார்.

"இவள ஹாஸ்டல்ல இருந்து ஏத்துன அன்னைக்கே ஜெபம் பண்ணுனேன். வண்டி எங்கயாவது நின்னு போகட்டும் ஆண்டவரே, இவ பரீட்சைய எளுதிரட்டும்னு. தெனமும் பண்ணுனேன். இன்னைக்குக் காலையிலயும்."

அம்மா அப்படி நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தவள்.

"ஏட்டி ஞானரத்தினம், முளங்கால் போடு."

கிரீஸ் மண்ணில் அம்மா முழங்கால் போட்டாள். அப்பா அவள் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தார். ஸ்பிரிங் வராமல் இன்னும் அங்கேயே கிடந்த லாரி டிரைவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ரோட்டில் போன மில் பெண்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். சிவனாண்டி மட்டும் நிற்கவில்லை. ஒரு முழச் சைக்கிள் டியூபை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை என்ஜினில் இடம் இடமாக நகர்த்திக்கொண்டே வந்தார். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரி. ஓர் இடத்தில் கை நின்றது. டியூபை எடுத்துவிட்டு விரலால் அடைத்தார்.

என்ஜின் நடுக்கம் நின்றது. விரலை எடுத்தார், உதறியது. மறுபடி அடைத்தார், அடங்கியது.

"ஐயா, ஆமென் சொல்லுங்க. இந்தா இருக்கு. இந்தத் துளையில ஒரு மூடி இருந்திருக்கு. விளுந்துருச்சு. அம்புட்டுதான்."

அப்பா கண்ணீரோடு கையை உயர்த்தினார். "பாத்தியா, அறிக்கை பண்ணுன மறு நிமிசம் ஆண்டவர் காட்டிட்டாரு!"

"நான்ல காட்டுனேன்?" என்றார் சிவனாண்டி. லாரி டிரைவர் சிரித்தார்.

சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, மடித்துத் துளையில் மாட்டி, கம்பியால் முறுக்கினார் சிவனாண்டி. ஐந்து நிமிஷ வேலை. வண்டி அவ்வளவு சீராக ஓடி நான் கேட்டதே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானம் கிளம்பிவிடுவோம், பரீட்சை போயிற்று, ஆனால் நான் தப்பித்தேன்.

அப்போதுதான் அப்பா சொன்னார். "இத நீ ஒவ்வொரு ஊர்லயும் சாட்சியாச் சொல்லணும். மேடையேறி முளங்கால் போட்டுச் சொல்லணும். ஊழியத்துக்கு விரோதமா ஜெபம் பண்ணுனேன், ஆண்டவர் வெளிப்படுத்திட்டாருன்னு."

அம்மா முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே "சரிங்க" என்றாள்.

தென்காசியில், செங்கோட்டையில், ஒவ்வொரு எஸ்டேட்டிலும் அவள் முழங்கால் போட வேண்டும். முடிந்ததும் நான் பாட வேண்டும். ஜூன் வரைக்கும். அதை நினைத்ததும் என்னால் முடியவில்லை. முடிச்சை அவிழ்த்து மூடியை அப்பா உள்ளங்கையில் வைத்தேன்.

"நாந்தாம்ப்பா வச்சிருந்தேன். தளவாய்புரத்துல விளுந்துச்சு. அம்மா ஒண்ணுஞ் செய்யல."

அடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அடிக்கவில்லை. மூடியைப் பார்த்தார்.

"மூணு நாளா?"

"ஆமாப்பா."

"செவ்வாக்கிளம கூட்டத்துல நின்னு பாடுனியே. இத வச்சுக்கிட்டா பாடுன?"

எனக்கு அழத்தான் தெரிந்தது. சிவனாண்டி எட்டி அந்த மூடியை வாங்கி நகத்தால் அழுத்தினார். இரண்டாக வெடித்தது.

"மக்கிப் போச்சு ஐயா. பாப்பா அன்னைக்கே குடுத்திருந்தாலும் திரும்ப விளுந்திருக்கும். பிள்ளைய விடுங்க."

அப்பா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார்.

நான் ஏறப் போனேன், நாச்சியார். நிஜமாக ஏறத்தான் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். உள்ளே போய் என் டிரங்குப் பெட்டியையும் அவள் சேலை மூட்டையையும் எடுத்துவந்து மண்ணில் வைத்தாள்.

"அவ எளுதிட்டு வரட்டும். முடிஞ்ச மறுநாள் நீங்க எந்த எஸ்டேட்டுல இருந்தாலும் கொண்டாந்து விட்டுருதேன்."

"அது வரைக்கும் யாரு பாடுவா?"

"நீங்க பாடுங்க."

அப்பாவுக்குப் பாட வராது. ஊருக்கே தெரியும். லாரி டிரைவர் சிரிக்க ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா என்ஜினை ஓடவிட்டபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடியில் தெரிந்திருப்போம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஓடிப் போய் ஏறியிருப்பேன். கியர் போட்டார், போய்விட்டார்.

இப்போது ராஜபாளையம் சர்ச் பின்னறையில் இருக்கிறோம். ராத்திரி மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. காலையில் முதல் பஸ்ஸில் ஹாஸ்டலுக்கு வருகிறோம்; வாயால் சொல்ல வராது, இதை உன் கையில்தான் கொடுப்பேன். வார்டன் சேர்க்கவில்லை என்றால் எங்கே போவது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. எழுதத்தானே ஆசைப்பட்டேன், எழுதப் போகிறேன். ஆனால் கண்ணை மூடினால் மலை ரோடும் அப்பா மட்டும் இருக்கிற வேனும்தான் வருகிறது. அந்தச் சைக்கிள் டியூப் எவ்வளவு நாள் தாங்கும் என்று அம்மா சிவனாண்டியிடம் கேட்டாள். "தாங்கும்மா" என்றார். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. அம்மா சுவரைப் பார்த்து முழங்கால் போட்டிருக்கிறாள். இந்தத் தடவை எதற்காக ஜெபிக்கிறாள் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெயபாய்