இடுப்பு சொன்ன பலன்

என் வீட்டுக்காரர் மாயவனின் வலது இடுப்பில் பீங்கான் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் டிராக்டரிலிருந்து விழுந்து மூட்டு நொறுங்கியபோது சேலத்து டாக்டர் வைத்த பந்தும் கிண்ணமும். ஏழு வருடம் அது பாட்டுக்கு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. போன தை மாதம், பொங்கல் கழிந்த மறுவாரம், வாயைத் திறந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் ஒரு ‘கீச்’. சில நேரம் வரும், சில நேரம் வராது.

அது பேசிய அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தீர்த்தகிரி எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தான். தக்காளியை இன்றைக்குப் பறிப்பதா நாளைக்கா என்று காலையிலிருந்து அவனுக்குக் குழப்பம். “நாளைக்குப் பாலக்கோட்டுச் சந்தையில வெலை ஏறுங்ணா. நாளைக்கே பறிச்சிக்கறேன்” என்றான். இவர் தண்ணீர் குடிக்க எழுந்தார். கீச். தீர்த்தகிரி சட்டென்று ஆள்காட்டி விரலால் தரையில் இரண்டு தட்டு தட்டி, “ச்சு, ச்சு” என்றான்.

“பாத்தீங்களாண்ணா, சொல்லுது!”

“டேய், அது பல்லி இல்லடா. என் இடுப்பு.”

“எதுவா இருந்தா என்னாங்ணா? சொல்லுச்சில்ல?”

மறுநாள் விலை ஏறித் தொலைத்தது. இறங்கியிருந்தால் எனக்கு இந்தப் பாடே வந்திருக்காது.

அடுத்த வாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரோ பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து, பல்லி சொல்லும் பலன் பக்கத்தைப் பிரித்து, எந்தத் திசைக்கு என்ன பலன் என்று பார்த்து, இவருடைய பிளாஸ்டிக் நாற்காலியை வாசலின் கிழக்கு மூலைக்கு நகர்த்தினார்கள். முறையும் வகுத்துக்கொண்டார்கள். இவர் உட்கார வேண்டும். வந்தவர் கேட்க வேண்டும். இவர் எழ வேண்டும். கீச்சென்றால் ஆமாம், சத்தமில்லாவிட்டால் வேண்டாம். போர்வெல் எங்கே போடுவது, மாட்டை என்றைக்கு ஓட்டிவருவது, எல்லாம் என் வீட்டுக்காரர் இடுப்பைக் கேட்டுத்தான். தேவிப்பிரியா என்ற பெண், நர்சிங் படிக்கத் தர்மபுரியா சேலமா என்று கேட்டாள். இரண்டுக்கும் கீச்சிட்டது. அந்தப் பெண் பாவம், இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். பலன் தப்பினாலும் இடுப்பை யாரும் குறை சொன்னதில்லை. கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை என்பார்கள்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளதைச் சொன்னால், எங்கள் பெண் கல்யாணத்தில்கூட இவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, என்னைத்தான் கேட்டார்கள். இப்போது வத்தல்மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். விடிந்ததும் குளியல், நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி. “நான் சொல்றதில்ல புள்ள, அது சொல்றது. அது சொன்னா சொன்னதுதான்” என்று என்னிடமே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நான் ஒருநாளும் அந்த இடுப்பிடம் எதுவும் கேட்டதில்லை.

சித்திரையில் தொடை இடுக்கில் வலி என்றார். இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். “கிண்ணம் சாஞ்சிருக்கும்மா. பந்து அதோட விளிம்புல ஒரசுது. சத்தம் அதனாலதான். இன்னைக்கோ நாளைக்கோ பீங்கான் ஒடைஞ்சா, சில்லு சில்லா உள்ள பரவிடும். அதை முழுசா பொறுக்கி எடுக்க முடியாது. அப்புறம் இவர் நடக்கறது கஷ்டம். ஒடையறதுக்கு முன்னாடி மாத்திடலாம்” என்றார். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் ‘கீச்’ கேட்கும்போதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வந்தது.

இவர் டாக்டர் முன்னால் நன்றாகத் தலையாட்டினார். ஊருக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் வாசல் நிறைய ஜனம். முன்னே நிற்பவர் பழைய பஞ்சாயத்துத் தலைவர் வெங்கடாசலம்.

“ஏம்மா அமுதவல்லி, ஊரை ஒரு வார்த்த கேக்காம எடுக்கலாமா?”

“எடுக்கறது இவரு இடுப்புங்க. ஏரி மதகு இல்லீங்க.”

“சரிம்மா, நமக்குள்ள சண்டை வேணாம். அதையே கேட்டுடுவோம்.”

எல்லோரும் சரி சரி என்றார்கள். இவரும் சரி என்று போய்க் கிழக்கு மூலையில் உட்கார்ந்துகொண்டார். வெங்கடாசலம் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரரின் இடுப்புக்கு நேராகக் குனிந்து, “உன்னை எடுத்துட்டு வேற வைக்கலாங்கறாங்க. உனக்குச் சம்மதமா?” என்று கேட்டார்.

இவர் எழுந்தார். சத்தம் இல்லை.

“சம்மதமில்ல!” என்று ஒரே கூச்சல். தீர்த்தகிரி கையே தட்டிவிட்டான்.

ஆனால் நான் பார்த்துவிட்டேன். எட்டு வருடமாக இந்த மனுஷன் எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். இரண்டு கையையும் நாற்காலிக் கையில் ஊன்றி, பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டு, வலது காலைப் பூப்போல வைத்து எழுந்தார். அப்படி எழுந்தால் அது எப்படிக் கத்தும்? திருட்டு மனுஷன்! கால் போனாலும் பரவாயில்லை, நாற்காலி போகக் கூடாது. கோபத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“ஒக்காருங்க. எனக்கும் ஒரு கேள்வி இருக்குது” என்றேன்.

கூட்டம் அடங்கியது. இவர் சந்தேகமாக உட்கார்ந்தார்.

“ரெண்டு கையையும் தலைமேல வையுங்க. ரெண்டு காலையும் சமமா ஊனி எந்திரிக்கணும்.”

வைத்தார்.

“நான் ஒரேயடியா மொரப்பூருக்கு, எந் தம்பி வூட்டுக்குப் போயிடட்டுமா?”

இவர் எழவில்லை.

“எந்திரிங்ணா” என்றான் தீர்த்தகிரி.

“நீ சும்மா இருடா.”

“அது சொன்னா சொன்னதுதான்னு நீங்கதான சொன்னீங்க? எந்திரிங்க” என்றேன்.

தலைமேல் வைத்த கையோடு என்னைப் பார்த்தார். விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. பத்து மணி வெயில் பதினொன்றானது. யாரும் கலையவில்லை. வெங்கடாசலம், “ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாத்தான் நாங்க சாப்பிடப் போவோம்” என்றார். ஒரு மணிக்கு நான் சாப்பாட்டை நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கு மட்டும் கையை இறக்கிக்கொள்ள விட்டேன். இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். “போங்க, யாரு வேணாங்கறா? எந்திரிச்சுப் போங்க” என்றேன். தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டரைக்கு வாயைத் திறந்தார்.

“தீர்த்தகிரி, வண்டிய எடுடா.”

“எதுக்குங்ணா?”

“சேலத்துக்கு. நான் எந்திரிக்க மாட்டேன். சேரோட தூக்குங்கடா!”

நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். தக்காளி ஏற்றும் மினி லாரியில், காலிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டேன். ஊர் முழுக்க வேடிக்கை பார்த்தது. வழியில் ஒரு காலிப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தவர்களிடம், “நிக்க வெக்காதீங்க, படுத்த வாக்குல மாத்துங்க!” என்று கத்தினார். வலி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பீங்கான் கிண்ணத்தின் விளிம்பில் முடியளவு விரிசல் விட்டிருந்ததாம். இந்தத் தடவை பிளாஸ்டிக் கிண்ணம், சத்தமே வராது என்றார் டாக்டர். நான் வராண்டாவில் நின்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

மறுநாள் நடக்கப் பழக்கும் பெண் வாக்கரோடு வந்து, “எந்திரிங்க சார்” என்றாள்.

“கொஞ்சம் இரும்மா” என்றவர் என் பக்கம் திரும்பினார். “அமுதா, அந்தக் கேள்விய இப்பக் கேளு.”

“எந்தக் கேள்வி?”

“அதான். அன்னைக்குக் கேட்டியே.”

அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்டேன். “நான் மொரப்பூருக்குப் போயிடட்டுமா?”

“கைய மட்டும் தலைமேல வெக்க முடியாது புள்ள” என்று சொல்லிவிட்டு, வாக்கரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை இரண்டு காலையும் நன்றாக ஊன்றினார். முழுசாக நிமிர்ந்து நின்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்தான்.

“சொல்லலயே?” என்றார். கண் கலங்கியிருந்தது.

“சொல்லலங்க” என்றேன்.

“என்னாங்க ஆன்ட்டி சொல்லணும்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா, நீ நடக்க வை” என்றேன்.