பாதி வளைவு

"பார்லியை மிதிச்சே நாசம் பண்ணிட்டாங்க. இனி உன் காபிக் கடைக்கு வர்ற கூட்டம் இந்த வழியாப் போகாது."

"கற்திட்டை என்ன உங்க அப்பன் கட்டினதா?"

"அவர் உழுத நிலத்துல இருக்கு. உனக்கும் அவர்தான் அப்பா, மறந்துட்டியா? நீ போகணும்னா வந்து கேளு, திறந்து விடுறேன்."

"உன்கிட்ட கேட்டு நிக்கிறதுக்கு நான் போகாமலே இருந்துக்குவேன்."

நான்கு வருடங்களுக்கு முன்பு, கற்திட்டைக்குப் போகும் வயல் பாதையின் குறுக்கே அவன் சங்கிலி மாட்டிய அன்று தோர்கிலும் அவன் தங்கை அஸ்தாவும் கடைசியாகப் பேசிக்கொண்டது இது. குளத்துக்கு இக்கரையில் அவள் வீடு, அக்கரையில் அவன் பண்ணை. எட்டே வீடுகள் உள்ள ஊரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்வதும் ஒரு முழுநேர வேலைதான்.

ஆதிகால மனிதர்கள் பெருங்கற்களால் எழுப்பிய கல்லறையான அந்தக் கற்திட்டையின் மூடுகல் மேல் உட்கார்ந்துதான் ஐனார் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தான். ஒவ்வொரு கல்யாண நாளிலும் பிளாஸ்கில் காபியோடு இருவரும் அங்கே போவார்கள். சங்கிலி வந்தபின் போகவில்லை. ஐனார் பிளாஸ்கை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டான்.

இன்று அவர்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் வருட வெள்ளி விழா. வழக்கப்படி விடியும்போது ஊரார் ஊசியிலைக் கிளைகளால் வாசலில் வளைவு கட்டி, பாட்டுப் பாடி எழுப்ப வேண்டும். முன்னின்று கட்டுவது பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கே அது அக்கரையில் இருக்கும் தோர்கில்தான்.

பாட்டுச் சத்தமே இல்லாததால் அஸ்தா தானே கதவைத் திறந்தாள். இடப்பக்கம் பச்சைக் கிளைகள் அடர்ந்து ஏறி, கதவின் நடு உச்சியில் வெட்டியதுபோல் நின்றிருந்தன. வலப்பக்கம் மொட்டை. பாதி வளைவு பன்னிரண்டரை வருட விழாவுக்குக் கட்டுவது. பன் கூடைகளோடு வந்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எண்ணத் தெரியாதா?" என்றாள் தோர்கிலிடம்.

"தெரியும். நாலு வருஷமாப் பேசாதவ பாதித் தங்கச்சிதான், அவளுக்குப் பாதி போதும்."

"இதுக்கு நீ வராமலே இருந்திருக்கலாம்."

"வராட்டி ஊர் என்னை ஏசும். மீதிக் கிளை வண்டியில கிடக்கு. வேணும்னா வாயைத் திறந்து கேளு."

அவள் சுடச்சுடத் திருப்பிக் கொடுக்க வாயெடுத்தாள். பின்னால் ஐனார் வந்து நின்றான். விழாச் சட்டை, அக்குளில் அந்தப் பிளாஸ்க். அதன் மூடியிலிருந்து காபி மணம் வந்தது.

"வளைவு எப்படியோ போகட்டும்," என்றாள் அஸ்தா. "அந்தச் சங்கிலியை எடுத்து விடுண்ணா. நாங்க கல்லுக்குப் போகணும்."