முட்டுக்கட்டை

எங்கள் ரோமில் பெண்கள் பழங்காலச் சிலையைப் பார்த்து வரையலாம். துணியில்லாமல் நிற்கும் ஆளைப் பார்த்து வரையக்கூடாது. சிவப்புச் சாக்குக்கட்டியால் நான் வரைந்த துணியில்லாத வீரனின் படத்தைப் போட்டிக்கு வைத்தேன். நடுவர் ஃபுல்ஜென்சியோ குனிந்து குனிந்து பார்த்தார்.

"ஏம்மா எர்சிலியா, நெஜ ஆம்பளை மாதிரியில்ல இருக்கு?"

"கால் பக்கத்துல கட்டையப் பாருங்கய்யா. கல்லுச் செலை சாயாம இருக்க முட்டுக்கொடுத்தது. எந்த ஆம்பளை காலோட மரத்த ஒட்டிக்கிட்டுத் திரியுறான்?"

சிரித்துவிட்டார். முதல் பரிசு எனக்குத்தான்.

வீட்டில் என் கணவன் நசரேனோ படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"கால் மரத்துப்போக உன் முன்னாடி நின்னது நானு. பக்கத்துல எதுக்குடி இந்தக் கட்டை?"

"அதுதான்யா உனக்குக் கோவணம்."