பையில் ஒன்றுமில்லை

“இந்தச் சுருக்கத்தோட அவன அனுப்பக் கூடாதும்மா” என்று இறந்தவனின் அக்காவிடம் சொல்லிவிட்டு, அவன் சட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் இஸ்திரிக்காரர். அடுத்த அறையில் அவள் தம்பி போர்வைக்குள் கிடந்தான். காலையில் காப்பி கொண்டுபோனபோதே இதயம் நின்றிருந்தது. வயது நாற்பத்தொன்று. அதில் இருபது வருஷம் காதில் குரல்கள்.

கூடத்தில் சலவைக்கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். இஸ்திரிக்காரர் இருந்த பக்கம் அவர் தலை திரும்பவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன், வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டுப் பையிலிருந்த கைக்கடிகாரம் காணாமல்போனபோது, திருடன் என்று இவரைத்தான் துரத்தினார். கூடவே வேலை பார்த்த தம்பியை யாரும் சந்தேகப்படவில்லை. பைத்தியத்துக்குக் கடிகாரம் எதற்கு?

யாரும் வருவதற்கு முன்பே தம்பியின் தலையணைக்கு அடியிலிருந்த சின்ன நோட்டை எடுத்து அவள் இடுப்பில் செருகியிருந்தாள். ஆஸ்பத்திரி ஆலோசகர் எழுதச் சொன்ன நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் நடுவில் ஒரு கோடு. இடதுபக்கம், செய்தது. வலதுபக்கம், எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

‘கடிகாரத்தை எடுத்தேன்’ என்று இடதுபக்கம் எழுதியிருந்தான். எதிரே, ‘இருக்கிறவனுக்கு ஒன்று போனால் என்ன. எனக்கு நோய். என்னை யார் கேட்கப்போகிறார்கள்.’

குரல் சொல்லியா எடுத்தீர்கள் என்று ஆலோசகர் சிவப்பு மையில் கேட்டிருந்தார். அதன் கீழே அவன் பதில்: ‘அன்றைக்குக் குரலே வரவில்லை. நானாகத்தான்.’

போன மாதம் அதை அவளிடம் நீட்டினான்.

“முதலாளிகிட்ட காட்டணும்க்கா. நான் தனியாப் போனா உளர்றேன்னு நெனப்பாரு. நீயும் வா.”

“மாத்திர போட்டியா?”

“போட்டுட்டுத்தான் சொல்றேன்.”

மறுநாளும் கேட்டான். அவளும் அதையே திருப்பிக் கேட்டாள். அதோடு அவன் பேச்சை விட்டுவிட்டான்.

“சூதுவாது தெரியாத பய” என்றார் இஸ்திரிக்காரர், காலரைத் திருப்பிப் போட்டபடி.

தெரியாதா? உங்கள் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவன் அவன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. முதலாளி பத்தடி தூரத்தில் இருக்கிறார். நோட்டு இடுப்பில் குத்துகிறது. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? இவருக்குத்தான் எங்கோ வாட்ச்மேன் வேலையும், தேய்க்க நாலு வீட்டுத் துணியும் கிடைத்துவிட்டதே. செத்தவன் பேரைக் கெடுப்பானேன்? என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

கடைசி வரி எங்கே படித்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எல்லாமே வலதுபக்கத்துச் சமாசாரம். அவனுக்காவது அதை எழுதத் தைரியம் இருந்தது.

இஸ்திரிக்காரர் சட்டையை உதறித் தூக்கிப் பிடித்தார். ஆனால் கொடுக்கவில்லை. பைக்குள் இரண்டு விரலை விட்டு விரித்துக் காட்டினார்.

“பாத்துக்கோம்மா, பையில ஒண்ணும் இல்ல. அந்தக் கடையவிட்டு வந்ததுலேருந்து, யார் துணியத் தொட்டாலும் காட்டிட்டுத்தான் குடுக்கறது.”

உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

“பாத்துட்டேண்ணே” என்று வாங்கிக்கொண்டாள். சட்டை இன்னும் சூடாக இருந்தது.